பந்தயக்காரனுக்குக் காதுகுத்து

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் சொர்ணவல்லிக்குச் சொந்தமாக ஒரு ரேஸ் டீம் இருக்கிறது என்றால், வெளியூர் வியாபாரிகள் முதலில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றுதான் நினைப்பார்கள். "மாடு இல்லங்க, காரு" என்று அவள் செல்போனை நீட்டுவாள். தரையோடு படுத்த மாதிரி ஒற்றை ஆள் வண்டி. நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளை உடம்பு, மூக்கில் கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனி ஒன்றின் பெயர்.

"ஒங்க வீட்டுக்காரரு ஓட்டுறாரா?" என்பது அடுத்த கேள்வியாக வரும்.

"அவரு குவைத்துல கிரேன் ஓட்டுறாரு. இத ஓட்டுறது என் மகன். கட்டுனது என் தம்பி. ரெண்டு பேரையும் வெரட்டுறது நான்" என்று சொல்லிவிட்டு, தராசில் முல்லையைக் கொட்டப் போய்விடுவாள்.

வேகம் அவளுக்குப் பூவிலிருந்து வந்தது. மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. மொட்டு விரிந்தால் விலை பாதி. வேன் டிரைவர் வராத நாட்களில் அவளே ஸ்டீயரிங்கைப் பிடித்து, திருச்சி ஏலத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறாள். மகன் சூர்யபிரகாஷ் கோயம்புத்தூருக்கு என்ஜினீயரிங் படிக்கப் போய், படித்ததைவிட அதிகமாகச் சின்ன ரேஸ் வண்டிகளை ஓட்டிப் பழகி வந்தபோது அவள் திட்டவில்லை. "எத்தனாவதா வந்த?" என்று மட்டும் கேட்டாள். போர்வெல் லாரி மெக்கானிக்கான தம்பி சேவுகன், விதிமுறைப் புத்தகத்தை மருமகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே தன் பட்டறையில் ஒரு காரைக் கட்டி முடித்தான்.

மூன்று வருடம் நாட்டின் முதல்தரப் போட்டியில் அந்தக் கார் ஓடியது. மற்ற டீம்கள் ஏசி பஸ்ஸில் வந்து இறங்கும். இவர்கள் பூ வேனுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துப் போவார்கள். போன வருடம் மழையில் நடந்த ஒரு பந்தயத்தில் பிரகாஷ் மூன்றாவதாக வந்து மேடை ஏறினான். மேலே தெளித்துக்கொள்ளக் கொடுத்த ஷாம்பெயின் பாட்டிலை அவன் திறக்காமலேயே இறங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தான். அது இன்னும் கடையில், சாமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

இந்த வருடம் ஆனி மாதத்தில் வந்தது புது விதி. கூடைகளுக்கு நடுவே நின்றபடி பிரகாஷ் செல்போனில் படித்தான்.

"'போட்டியாளர்களின் செலவைக் குறைக்கும் பொருட்டு'ன்னு ஆரம்பிக்குதும்மா."

"நல்ல விசயந்தானே. மேல படி."

"இனிமே யாரும் சொந்தமாக் கட்டுன காரக் கொண்டாரக் கூடாதாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி காரு. அவுங்களே வெளிநாட்டுலேருந்து எறக்குவாங்க, நாம வாடகைக்கு எடுத்துக்கணும். சீசனுக்குப் பதினாறு லட்சம். செப்டம்பர் ஒண்ணுலேருந்து பதினஞ்சுக்குள்ள கட்டணும்."

"கொறைக்கிறோம்னாங்களேடா?"

"கோடிக்கணக்குல செலவழிக்கிறவனுக்குக் கொறையும்மா. நமக்குப் போன வருசம் மொத்தமே ஒம்பது லட்சம். ஒரு டீமு இதுக்கு மேல செலவே பண்ணக் கூடாதுன்னு வரம்பு வேற போட்டிருக்காங்க."

"எம்புட்டு?"

"ரெண்டு கோடி."

கூடையின் மேல் உட்கார்ந்திருந்த சேவுகன் சிரித்தான். "அத மீறணும்னா நமக்கு இருவது வருசம் ஆகும்க்கா." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவன் பட்டறைக்குப் போய், தான் கட்டிய காரைத் தார்ப்பாய் போட்டு மூடினான். மறுநாள் காலையில் தூசி தட்டுகிறேன் என்று தானே எடுத்தும் விட்டான்.

பம்புசெட் கம்பெனியின் விளம்பர அதிகாரிக்குச் சொர்ணவல்லி போன் போட்டாள். போன வருடம் அவர்கள் நாலு லட்சம் கொடுத்திருந்தார்கள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். புதுக்காரின் உடம்பு முழுக்கப் போட்டி நடத்துகிறவர்களின் விளம்பரம்தான் இருக்குமாம். டீமுக்கு மிஞ்சுவது உள்ளங்கை அகல இடமாம். உள்ளங்கைக்கு நாலு லட்சம் கொடுக்க மேலிடம் சம்மதிக்காதாம்.

குவைத்திலிருந்து கணவர் நல்லதம்பி பேசினார். "பயலுக்கு இங்கிட்டு விசா சொல்லி வச்சிருக்கேன். வண்டி இல்லேன்னா வீட்டுல எதுக்கு ஒக்கார வைக்கிற? இந்த வருசம் ஓட்டுறதுன்னா ஓட்டட்டும். இல்லேன்னா அக்டோபர்ல அனுப்பி விடு." அதில் சொர்ணவல்லிக்கு மறுபேச்சு இல்லை. பதினாறு லட்சம் புரண்டால் பிரகாஷ் ஓட்டுவான், இல்லையென்றால் விமானம் ஏறுவான்.

கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆட்களுக்குப் பெரிய தொகை வேண்டுமென்றால் வழி ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, ஊரைக் கூப்பிட்டு மொய் விருந்து வைப்பது. சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். முன்பு நாம் அவர்களுக்குச் செய்தது திரும்பி வரும், அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் வரும். அந்தப் புதிதை நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பிச் செய்யாதவன் வீட்டுக்கு ஊரில் பேரே வேறு. ஒருமுறை வைத்தால் அடுத்த விருந்துக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

சொர்ணவல்லி இதுவரை வைத்ததில்லை. ஊரெல்லாம் மொய் செய்து வைத்திருந்தாள். இந்த ஆடியில் அவளும் விருந்து வைத்தாள். பந்தல் வாசலில் சேவுகனின் கார் நின்றது. சாப்பிட வந்தவர்கள் அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "இதுல எங்கிட்டு ஆத்தா பூக்கூடைய வைப்ப?" என்று ஒரு பெரியவர் கேட்க, "டிரைவரு மடியில" என்றாள். பந்தி முடிந்து, ஆட்டுக்கும் அரிசிக்கும் போக, பதினாறரை லட்சம் மிஞ்சியது. பிரகாஷ் அன்று சிரித்த சிரிப்பை, மேடை ஏறிய நாளில்கூட அவள் பார்த்ததில்லை.

ஆவணி பாதியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பம்புசெட் கம்பெனி முதலாளி பழனிச்சாமியின் மகளுக்குக் கல்யாணம்.

"அஞ்சு லட்சத்த எடுத்து வைடா" என்றாள் சொர்ணவல்லி.

பிரகாஷுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"போன வருசம் நாலு செஞ்சாருல்ல. நாலு பழசு, ஒண்ணு புதுசு."

"அம்மா! அது ஸ்பான்சர்ஷிப்பு. மொய் இல்ல. கார்ல அவுங்க பேர எழுதி ஓட்டுனோம்ல, அதோட சரியாப் போச்சு."

"நமக்கு மொய் செய்யிற எல்லாரு பேரையுந்தான் எழுதுறோம். எழுதிட்டோம்னு திருப்பிச் செய்யாம விட்டுர்றோமா?"

"ஏக்கா, வாடகை கட்ட இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு" என்றான் சேவுகன்.

"பத்திரிகை வச்சுட்டாருடா. வச்ச பெறகு வெறுங்கையோட போகவா?"

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு நடக்காது.

கோயம்புத்தூர் மண்டபத்து வாசலில், அன்பளிப்புகளைத் தவிர்க்கவும் என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். சொர்ணவல்லி அதை, பூங்கொத்து கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டாள். வெள்ளித் தட்டில் மல்லிகையைப் பரப்பி, அதன் அடியில் பணக்கட்டை வைத்து, மொய் எழுதுகிற மேசையைத் தேடினாள். அப்படி ஒன்று எங்கேயும் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் அவளுக்கு ஒரு டம்ளர் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். மூன்றாவது டம்ளரோடு அவள் நேரே பழனிச்சாமியிடமே போய்விட்டாள்.

தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்ததும் அவர் பதறி, அவளை ஒரு தூணோரம் கூட்டிப் போனார். "ஏனுங்கம்மா, இது கம்பெனி குடுத்ததுங்க. விளம்பரச் செலவுல எழுதியாச்சு. திருப்பி வாங்க வழியே இல்லீங்க."

"கம்பெனிக்கா கல்யாணம்? ஒங்க மகளுக்குத்தானுங்களே."

"அது செரிதானுங்க... ஆனா நான் எப்படி வாங்கறது? எடுத்துட்டுப் போங்க."

பின்னால் நின்ற பிரகாஷுக்கு உயிர் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பணம் மிஞ்சுகிறதே என்ற நினைப்பு அதில் கொஞ்சமும் இல்லை. சபையில் கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி நின்றாள். "சரிங்க. இனிமே போக்குவரத்து வேணாம்னு நெனைக்கிறீங்க போல. வாரோம்."

பழனிச்சாமி வியாபாரம் செய்து வளர்ந்தவர். எதிரில் நிற்பவரின் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியும். "நில்லுங்க. வாங்கலேன்னா ஒறவு அந்துச்சுன்னு அர்த்தமுங்களா?"

"எங்க ஊருல அப்படித்தானுங்க."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "நாங்க குடுத்தது நாலு. இது அஞ்சு மாதிரி இருக்குதுங்க?"

"ஒண்ணு புதுசுங்க."

"அப்ப அது நான் தரோணுமா?"

"அஞ்சுமே தரணும். மேல ஒங்க இஷ்டம். ஆனா எங்க வீட்டுல விசேசம்னு ஒண்ணு வந்தாத்தான். சும்மா குடுத்தா வாங்க மாட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கட்டாயம் சொல்லி உடோணும். இந்த வருசம் வண்டி ஓடுதுங்களா?"

"ஓடும்ங்க" என்றாள் சொர்ணவல்லி.

வேன் கரூரைத் தாண்டியதும் பிரகாஷ் வெடித்தான். "ஓடும்னியே, எதுலம்மா? பூ வேன்லயா? நாலரை லட்சம் துண்டு விழுது. அவரே கேட்டாருல்ல, சொல்லியிருந்தா..."

"மொய் செய்யப் போன எடத்துல கை நீட்டுவாங்களாடா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியாக நடந்துகொண்டதற்கு மகன் குவைத்துக்குப் போகப் போகிறான். அந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் அவளுக்கு இடித்தது.

பட்டறையில் சேவுகன் நடந்ததைக் கேட்டுவிட்டு ஸ்பானரைக் கீழே போட்டான். "விசேசம் வச்சா அஞ்சு திரும்பிரும். அம்புட்டுத்தானே? ஒம் மகனுக்கு இன்னும் காது குத்தலையே, குத்திருவோம்!"

எரிச்சலில் வந்த கிண்டல்தான் அது. ஆனால் சொர்ணவல்லி சிரிக்கவில்லை. மகனின் காதையே பார்த்தாள். மொட்டை ஒரு வயதில் போட்டாயிற்று. காதுகுத்து மட்டும் அய்யனாருக்கு நேர்ந்தபடி நின்றுபோனது. முதலில் நல்லதம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் கஜா புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்தது. அதற்குள் பையனுக்கு மீசையே முளைத்துவிட்டது.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். சாமிக்கு எத்தனை நாளு கடன் வைக்கிறது?" என்றாள்.

"அம்மா, எனக்கு இருவத்தஞ்சு வயசு!"

"அய்யனாரு வயசு கேக்கல."

அய்யனார் கோயிலில் காதுகுத்துக்கு நாள் குறித்து, பழனிச்சாமிக்குப் பத்திரிகை அனுப்பினாள். ஊரைச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டாள். இப்போதுதான் எல்லோரும் மொய் செய்து ஓய்ந்திருந்தார்கள். மொய் வாங்கப்படமாட்டாது என்று வாசலில் பிளக்ஸ் கட்டியதற்குச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "சும்மா தின்னுட்டுப் போற ஆளுகளா நாங்க?" என்று கேட்டவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. கோயம்புத்தூர்ப் பலகையை நினைத்தபோது, அந்த மனிதர் மேல் மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது.

பழனிச்சாமி பத்து மணிக்கே வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் முன்னால் வந்து நின்று சுற்றிலும் பார்த்தார். "கொழந்தை எங்கீங்க?"

"அந்தா, மாமன் மடியில."

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். சேவுகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பட்டுவேட்டி கட்டிய ஆறடி ஆள், முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட, கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"ஆடாத மாப்ள, தொடை ரெண்டும் செத்துருச்சு."

"இஞ்சினத் தனியாத் தூக்குவேன்னு பெருமை பேசுனீங்கள்ல மாமா."

"இஞ்சின் கத்தாது."

ஆசாரி ஊசியை எடுத்ததும், மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் வளைவைத் திருப்புகிறவன் "அம்மா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. பழனிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் ஒரு கட்டை வைத்தார். "அஞ்சு பழசுங்க. ஒண்ணு புதுசு. செரிதானுங்களா?"

"சரிங்க." அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். மூன்று நாளில் வாடகை கட்ட வேண்டும் என்பதை அப்போதும் அவரிடம் சொல்லவில்லை.

பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கணக்கு உறைத்திருக்க வேண்டும். கறிக்குழம்பு ஊற்ற வந்தவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப, அடுத்து நீங்க எனக்கு ஆறு செய்யோணும். பொறகு நான் ஏழு. இது முடியவே முடியாதுங்களா?"

"முடியறதுக்கா செய்யுறோம்?" என்று சொல்லி, அவர் வேண்டாம் என்பதற்குள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வாடகைக் கார் வந்தது. சேவுகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் பரவாயில்ல" என்று மட்டும் சொன்னான். அதன் மூக்கில் டீமுக்கு விட்டிருந்த உள்ளங்கை அகலத்தில் பம்புசெட் கம்பெனியின் பெயரை ஒட்டச் சொன்னாள் சொர்ணவல்லி. கம்பெனியின் விளம்பர அதிகாரி போன் செய்து, தாங்கள் இந்த வருடம் ஸ்பான்சர் இல்லையே என்றார். "மொய் செஞ்சவுக பேரு இருக்கணும்ங்க" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

முதல் பந்தயத்தன்று காலை, ஆட்களையும் உடைகளையும் சோதிக்கிற அதிகாரி பிரகாஷின் முன்னால் நின்றுவிட்டார். "காதுல என்ன? நகை போட்டு ஓட்டக் கூடாது. விதி தெரியாதா?"

பிரகாஷ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. அவள் வந்து, எச்சில் தொட்டு, வலிக்காமல் இரண்டு கடுக்கனையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதுக்கும் விதி போட்டிருக்கானுங்களாம்மா."

"போடட்டும். ஓட்டி முடிச்சுட்டு வா, மாட்டி விடுறேன். ஓட்டை தூந்துபோனா மறுபடி மாமன் மடியிலதான் ஒக்காரணும்."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவசரமாக ஓடினான்.