சொன்னால் சீட் கிடைக்குமா?

டண்டினொங் தமிழ்க் கடையில் ஃப்ரீசருக்குள் கைவிட்டு பரோட்டா எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரான ரோவிலில் இருக்கும் தெரிந்த அன்ரி பிடித்துக்கொண்டார்.

மகனுக்கு மெடிசின் இன்டர்வியூவாம். யுனிவர்சிட்டியின் கிளேட்டன் கேம்பஸில் வேலை செய்கிற எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"தம்பி, இன்டர்வியூவில தான் ஒரு 'கே' எண்டு சொன்னா சீட் ஈசியாக் கிடைக்குமாம். உண்மையோ?"

"உங்க பையன் கே-வா அன்ரி? பசங்களைத்தான் பிடிக்குமா?"

"ஐயோ, விசர்க் கதை கதைக்காதேங்கோ! சும்மா சொல்லுறதுதானே. உள்ளுக்க போனாப் பிறகு ஆர் பாக்கிறது?"

"அதுக்கெல்லாம் சீட் தரமாட்டாங்க அன்ரி."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப சொல்லி என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டு கறிவேப்பிலைப் பக்கம் போய்விட்டார்.

நான் ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றேன். தன் மகன் சும்மா சொல்லிவிடலாம் என்று அன்ரி நினைக்கிற அதே வார்த்தையை, நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கே. சொல்லிவிட்டேன். பிரயோசனம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

ஊரிலிருக்கும் அம்மா என் எல்லாப் பதிவுக்கும் படிக்காமலே லைக் போடுவார்.

அம்மா, இதுக்கு லைக் வேண்டாம். படிச்சிட்டு போன் பண்ணு.