சாக்பீஸ் போட்ட கடைசி வரி

போன வாரம் பெய்த மழையில் எங்கள் தூத்துக்குடி கிளியரிங் ஆபீஸ் குடோனுக்கு வந்த அட்டைப்பெட்டிகள் பாதி நனைந்துவிட்டன. துறைமுகத்திலிருந்து ஏற்றி வந்த லாரிக்காரர் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டவில்லை. சரக்குக்காரர் போனில் கத்துகிறார், ஆட்கள் பெட்டிகளைப் பிரித்துக் காயப்போடுகிறார்கள். நான் என்னடாவென்றால் ஒரு ஓரமாக நின்று ஈரத்தாள் வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டிருக்கிறேன். "என்ன மேடம், சிரிக்கீங்க?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். ஈரத்தாள் வாசனை வந்தால் எனக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாண்டிய ராஜ்யம் ஞாபகம் வரும் என்று சொன்னால் அவள் மறுநாள் வேலைக்கு வரமாட்டாள். உங்களிடம் சொல்லலாம்.

இதே ஆபீஸில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். ஒருநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஒருவர் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த தங்கமணி அண்ணாச்சி. "வெளிநாட்டுப் பெட்டியில சாமானைச் சுத்தி ஒரு தாள் வருமே, மெல்லிசா, நனைஞ்சாலும் கிழியாது. தூரப் போடுததா இருந்தா எனக்குத் தாங்களேன்" என்றார். எதற்கு என்றேன். "கல்வெட்டைப் படி எடுக்கதுக்கு." எனக்குக் கல்வெட்டு என்றால் திறப்பு விழாவில் மந்திரி பெயரைப் போட்டு வைக்கும் பளிங்குப் பலகைதான் தெரியும். அதையும் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுதேன்" என்றார்.

போனேன். போகாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியிருப்பேன், இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

அவர்கள் மூன்று பேர். அண்ணாச்சி ஒன்று. காலேஜில் சரித்திரம் நடத்திய சீனிவாசன் சார் இரண்டு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடு, கையில் எப்போதும் ஒரு குடை. மூன்றாவது செலின் அக்கா. கடலோரத் திரேஸ்புரத்துக்காரி, மீனவக் குடும்பம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அக்கா வந்தது சரித்திரத்துக்காக இல்லை, ஊர் சுற்றுவதற்காக என்று அவளே சொல்வாள். ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவருவாள். பஸ் குலுக்கலில் அது எப்போதும் மாவாகத்தான் வந்து சேரும், நாங்கள் கையில் கொட்டித் தின்போம்.

கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் விளக்குக்கரியும் பசையும் கலந்த மையைத் துணிப்பந்தால் ஒற்றினால் தாள் கறுக்கும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுதான் மைப்படி. முதல் தடவை எழுத்து எழும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், அப்போது ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது, பிறகுதான் சார் சொல்லித்தந்தார். பாண்டிய நாட்டில் அந்தக் காலத்தில் எழுதியது வட்டெழுத்து. கோழி கிளறியதுபோல இருக்கும் என்று சொல்ல வாய் வருகிறது, சார் பக்கத்தில் இருந்தால் குடையால் ஒன்று வைப்பார்.

படி எடுத்தபின் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, தான் வாசித்ததைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிந்தது நாங்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போகும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது போகாது. இன்னொரு சட்டமும் இருந்தது. கல்லில் சாக்பீஸ் படக்கூடாது. போட்டோவில் எழுத்துத் தெரிவதற்காகப் பலரும் பள்ளத்தில் சாக்பீஸால் வரைவார்கள். "நாம வரைஞ்சா நாம நினைச்சதத்தான் கல்லு சொல்லும்" என்பார் சார்.

ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், நல்ல ஜனங்கள், இளநீர் வெட்டித் தந்தவர்கள். அங்கே கோயில் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாக ஒன்று கிடந்தது. ஒரு ஆச்சி போர்வையை அடித்துத் துவைத்து முடிக்கிறவரை காத்திருந்துதான் படி எடுத்தோம். கோயிலில் அணையாமல் விளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்தி. ஆடு என்றால் சும்மா ஆடு இல்லை, 'சாவா மூவாப் பேராடு'. செத்ததற்குக் குட்டி ஈடாகிவிடும், ஆகவே மந்தை சாவதும் இல்லை மூப்பதும் இல்லை என்று கணக்கு. நான்கு சீட்டும் ஒத்துப்போயின, கடைசி வரி தவிர. யார் கொடுத்தார்கள் என்பது அந்த வரியில். அந்த இடம் துவைத்துத் துவைத்து மழுங்கிவிட்டது. என் சீட்டில் ஒன்றுமில்லை, செலின் அக்கா சீட்டிலும் ஒன்றுமில்லை, சார் சீட்டிலும் இல்லை. அண்ணாச்சி மட்டும் 'முத்துக் குளிப்பார்' என்று எழுதியிருந்தார்.

"தாள்ல இல்லையே அண்ணாச்சி" என்றார் சார்.

"தாள்ல இல்ல சார்வாள். கல்லுல இருக்கு. தடவிப் பாத்தேன்."

அண்ணாச்சி கடையில் போல்ட்டின் மரையைத் தடவியே அளவு சொல்லுவார், கண்ணால் பார்க்கமாட்டார். சார் அதெல்லாம் ஆதாரம் ஆகாது என்றார். செலின் அக்காவுக்கு வேறு கவலை. முத்துக் குளித்தது அவளுடைய முன்னோர்தானே. "எங்க ஆளுவ ஆடு குடுத்தாவளா? கருவாடு குடுத்தாவன்னா நம்பலாம்" என்றாள்.

சிரித்துவிட்டோம். ஆனால் விஷயம் சின்னதில்லை. கொற்கை, முத்து என்று பழைய பாட்டுகளில் வேண்டிய மட்டும் இருக்கிறது. முத்துக் குளித்தவர்களே கூடி ஒரு கோயிலுக்கு விளக்கு வைத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கல் ஒன்று சொன்னால், அதை வாசித்த ஆளுக்குத் தனி மரியாதை. அந்த வருஷம்தான் திருநெல்வேலியில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முந்தின கூட்டம் ஒன்றில் யாரோ ஒரு புரொபசர் அவர் காதுபடவே 'நட்டு போல்ட்டு ஆராய்ச்சி' என்று சொல்லியிருந்தார். அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

சார் ஒத்துக்கொள்ளாத அந்த வரியையும் அண்ணாச்சி தன் கட்டுரையில் சேர்த்திருந்தார். கருத்தரங்குக்குக் கல்லின் படம் வேண்டும் என்றார்கள். வேலை நாளில் அண்ணாச்சி கடையை விட்டு வரமுடியாது. கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு நானும் செலின் அக்காவும் போனோம். பஸ் லேட். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெயில் சாய்வாக விழுந்தால்தான் எழுத்து நிழல் கட்டித் தெரியும். உச்சியில் கல் வெறும் கல்தான். பிலிம் ரோலில் மிச்சம் நான்கு படம். அக்காவுக்கு மாலை ஷிப்ட். நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். ஆம், சட்டம் தெரிந்தவள்தான், சாக்பீஸையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதிலிருந்தே என் யோக்கியதை உங்களுக்குத் தெரியும்.

மேல் வரிகளில் சாக்பீஸ் பள்ளத்துக்குள் தானாக ஓடியது. கடைசி வரிக்கு வந்தேன். பள்ளமா, வெடிப்பா, துணி தேய்ந்த தடமா என்று தெரியவில்லை. அண்ணாச்சி எழுதியிருந்ததைப் போட்டேன். அழகாகவே போட்டேன்.

"ஏளா, அங்கன ஒண்ணும் இல்லையே" என்றாள் அக்கா.

"இருக்குக்கா. அண்ணாச்சி சொன்னாவல்லா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேமராவை என் கையில் கொடுத்தாள். படம் எடுத்து முடித்ததும் ஒரு வாளி தண்ணீர் இறைத்து நானே கல்லைக் கழுவிவிட்டேன்.

கருத்தரங்கில் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். அண்ணாச்சி வாசித்து முடித்தார். கேள்வி நேரத்துக்கு முன்னால் சீனிவாசன் சார் என்பக்கம் குனிந்தார். "சாக்பீஸ் யார் போட்டது?" நான்தான் என்றேன். சட்டத்தை மீறியதற்குத் திட்டுவார் என்று பார்த்தால், "கோடு இருந்த இடத்துலதானே போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார்."

சார் எழுந்து நின்றார். அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னார்: "அந்தக் கடைசி வரியை நான் ஒத்துக்கல. எங்க குழுவுல அதுக்குச் சண்டையே நடந்தது. இப்பப் படத்தைப் பாத்தபிறகு சொல்லுதேன், தப்பு என்னோடது. அண்ணாச்சி கைக்குத் தெரிஞ்சது என் கண்ணுக்குத் தெரியல." கை தட்டினார்கள். 'நட்டு போல்ட்டு' புரொபசரும் தட்டினார். காலேஜ் வாத்தியார் ஒருவர் இரும்புக்கடைக்காரரிடம் சபையில் தோற்றதாக ஒத்துக்கொள்வது சாதாரணமா? எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணாச்சி என் இலையில் தன் அப்பளத்தை வைத்தார். "நீ எடுத்த படம்தாம்ளா காப்பாத்துச்சு" என்றார்.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போயிருக்கிறேன். கல்லாவுக்கு மேலே கருத்தரங்குச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். ஆணி வாங்க வருகிறவர்களிடம் அவர் அதைக் காட்டிக்கொண்டிருப்பார். எனக்கு வாய் வராது. டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். சொல்லப்போனால் பயம், வேறொன்றுமில்லை. இதற்குள் செய்தி பரவிவிட்டது. கடற்கரைப் பக்கத்துக் கோயில் திருவிழா மலர் ஒன்றில் 'நம் முன்னோர் ஏற்றிய விளக்கு' என்று கட்டுரையே வந்தது. செலின் அக்கா அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "இனி வாயைத் திறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் அவளுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் ஆயிற்று. எனக்குக் கல்யாணம், பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. அண்ணாச்சி ஒருநாள் கடையில் ஷட்டரை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

அவர் போன பிறகு எனக்குத் தைரியம் வந்தது. இதைவிடக் கேவலம் உண்டா? அந்தக் கல்லை நல்ல வெயில் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கோயிலுக்குத் திருப்பணி முடிந்து பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். துவைகல்லைக் கேட்டேன். "அது எதுக்கு? சம்மட்டியால உடைச்சு மடப்பள்ளி அஸ்திவாரத்துல போட்டாச்சு" என்றார் தர்மகர்த்தா. மைப்படி அண்ணாச்சி கடைப் பரணில் இருந்தது. ஊரையே மூழ்கடித்த பெரிய வெள்ளத்தில் கடைக்குள் பரணுக்கும் மேலே தண்ணீர் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மகன் சுருள் சுருளாகக் கறுப்புக் கூழை வாளியில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான்.

போன மாசம் சீனிவாசன் சார் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போடுகிறாராம், என்னிடம் இருக்கிற படத்தின் நெகட்டிவ் வேண்டும் என்றார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன். நெகட்டிவை அவர் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார்.

"அண்ணாச்சிட்ட சொன்னியா?"

"இல்ல சார்."

"கல்லு?"

"உடைச்சுட்டாவ."

"படி?"

"வெள்ளத்துல போச்சு சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சார் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கருத்தரங்கு முடிஞ்ச வாரம் விடியக்காலைல போய், சாய்வு வெயில்ல ரெண்டு பேருமா அந்த வரியைப் பாப்போம்னு அண்ணாச்சிட்ட சொல்லிவச்சிருந்தேன். உன் படத்தைப் பாத்ததும் இனி எதுக்குன்னு விட்டுட்டேன். அவர் சொன்னது சரியாவே இருந்திருக்கலாம்மா. அதைச் சொல்லுததுக்குத்தான் இப்ப வழி இல்ல."

மேஜையில் புத்தகத்தின் புரூப் கிடந்தது. அந்தக் கல்வெட்டின் பக்கத்தைத் தேடி எடுத்தார். கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தார். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய், இந்த வரியை முதலில் வாசித்தவர் தூத்துக்குடி இரும்பு வியாபாரி தங்கமணி என்று போட்டிருந்த குறிப்பையும் அடித்தார். புத்தகம் முழுக்க அண்ணாச்சியின் பெயர் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.