பாரை மீனும் பந்தியில் வைத்த சிவப்பு இரசமும்

ஈரச்சாக்குச் சுற்றிய போத்தலைத் திறந்து மாமி கிளாசில் சிவப்பாய் ஊற்றியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் ஐயா அப்படியே முழந்தாளிட்டுவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பந்திப்பாயில் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. என் கலியாணத்தை முற்றாக்கப் பேசாலையிலிருந்து தலைமன்னாருக்குப் போயிருந்தோம். மாமி என்று நான் சொல்வது பெண்ணின் தாயை. கணவரை இழந்தவர்; இறங்குதுறை எஞ்சினியர் துரையின் பங்களாவில் சமையல் வேலை. துரை வீட்டுக் குசினிக்காரியின் மகளா என்று ஐயா அரைமனதோடுதான் வந்திருந்தார். துரை அன்பாய்க் கொடுத்த போத்தலை மாமி எங்களுக்காகவே பத்திரப்படுத்தியிருந்தார். நாங்கள் அறிந்ததோ, கோயில் பூசையில் ஆண்டவரின் இரத்தமாய்ச் சுவாமியார் மட்டும் அருந்தும் திராட்சை இரசம் ஒன்றைத்தான்.

"எழும்புங்கோ அண்ணை. இது பூசை இரசம் இல்லை, சாப்பாட்டோட குடிக்கிற வைன்."

ஐயாவின் முகம் கறுத்தது. "உபவாசமும் இல்லாமல், மீன் திண்ட வாயால இரசமோ? துரைமாரோட சேர்ந்து உனக்கு வேதமும் மறந்து போச்சோ? எழும்புங்கோடா, போவம்!"

கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

மாமி அசையவில்லை. "நற்கருணை அப்பம் கோதம்ப மாவிலதானே அண்ணை சுடுறது? உங்கட வீட்டில றொட்டி சுடேக்கை ஆர் முழந்தாளிடுறது?"

"அண்ணர் றொட்டிக்கு முழந்தாளிடார், தொட்டுக்கிற சம்பலுக்கெண்டால் இடுவார்" என்றார் என் சித்தப்பா. பந்தி முழுதும் சிரித்தது. ஐயாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, திரும்பப் பந்தியில் இருந்துவிட்டார்.

"உறைப்புக் கறியைத் தள்ளி வையுங்கோ, நாக்கு எரியும். பொரிச்ச பாரையில ஒரு துண்டு, பிறகு ஒரு மிடறு. இது லேசான வைன். எங்கட வெக்கைக்குச் சூடேறினால் சாராய மணம்தான் நிக்கும். அதுதான் ஈரச்சாக்கில குளிர வைச்சனான்" என்றார் மாமி.

ஐயா மீனைக் கடித்தார். பயந்து பயந்து ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடி, "நாவற்பழம் கடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

எத்தனையோ விருந்துக்குப் பிறகு போயிருக்கிறேன். மீனின் எண்ணெயை அந்த மெல்லிய புளிப்புக் கழுவிக்கொண்டு போன ருசி வேறெங்கும் வாய்க்கவில்லை. ஆண்டவர் எங்கள் வாழ்வை ஆசீர்வதித்தார், ஏழு பிள்ளைகள். அந்த ஆசீர்வாதம் தொடங்கிய நொடியும் எனக்குத் தெரியும். அன்று ஐயா வெறும் கிளாசை மாமியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ, சம்மந்தி."