உரியாத முட்டை

கஜபதியின் கடைக்கு வந்தவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்தார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை. நெற்றி நிறைய விபூதி, பேச்சுக்குப் பேச்சு முருகா. அந்த மனிதர் காலையில் இரண்டு அவித்த முட்டையை விழுங்கிவிட்டு, வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டுதான் கடை திறக்கிறார் என்பது அவர் மனைவி கோவிந்தம்மாளுக்குத் தெரியும். செவ்வாயும் கிருத்திகையும் மட்டும் முட்டைக்கு விடுமுறை. ஓடு யார் கண்ணிலும் படக்கூடாது, கொல்லையில் புதைத்துவிடு என்று அவளிடம் சொல்வார்.

கோவிந்தம்மாள் மணவூர்க்காரி. கூலி வேலை செய்து பிழைத்த வீட்டுப் பெண், கோழிகளோடு வளர்ந்தவள். முட்டையைத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நிதானமாகச் சுழல்கிறதா தள்ளாடுகிறதா என்று பார்த்தே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். உரிப்பதில்தான் வம்பு. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வரும்.

"இன்னாமே இது, அம்மை வந்த மூஞ்சி கணக்கா," என்பார் கஜபதி. "எங்கம்மா உரிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும். கூலிக்காரன் வீட்ல பொண்ணு எடுத்தா இப்படித்தான்."

கல்யாணமான புதிதில் அவள் சொல்லிப் பார்த்தாள். "நேத்து இட்ட முட்டை உரியாதுங்க. நாலஞ்சு நாள் வெச்சிருந்து அவிச்சா ஓடு தானா கழண்டுகினு வரும்."

அவர் சிரித்தார். "பழைய முட்டைய என் தலைல கட்டப் பாக்குறியா? புதுசுலதான் சத்து. நீ எந்த ஆஸ்பத்திரில படிச்ச?"

பத்து வருஷம் அவள் மறுபடி வாய் திறக்கவில்லை. நேற்று இட்டதை இன்று அவித்தாள், நகம் நோக உரித்தாள், ஏச்சு வாங்கினாள். முதலில் பயம் இருந்தது. பிறகு கோபம் வந்தது. அதுவும் போன பிறகு, மீசையில் மஞ்சள்கருத் தூள் ஒட்டியிருக்க ஏப்பம் விட்டு முருகா என்கிற அந்த ஆளைப் பார்த்தால் ஒரு இளக்காரம்தான் மிஞ்சியது. அடுப்பு மூட்டத் தெரியாது, தன் வேட்டியைத் துவைக்கத் தெரியாது, அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலில் அவர் தம்பி சின்னசாமி பட்டாளத்திலிருந்து லீவில் வந்தான். அங்கே சமையல் கொட்டகையில் வேலை. அண்ணி முட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது புதுசு அண்ணி, எங்க உரியும்? நாங்க அஞ்சு நாள் ஆனதாப் பாத்துதான் எடுப்போம்," என்றான்.

கஜபதி தலையாட்டினார். "பட்டாளத்து மூளைன்னா சும்மாவா? வெவரம் தெரிஞ்சவன் சொல்றான். கேட்டுக்கோ."

"ஆங்," என்றாள் கோவிந்தம்மாள்.

அடுத்த வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவருடைய தங்கை வரலட்சுமி வந்தாள். அண்ணன் அவளை உட்காரவைத்து முட்டையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். "புது முட்டைல ஓடு ஒட்டிகினு இருக்கும். நான் ரொம்ப நாளா கவனிச்சிப் பாத்துக் கண்டுபுடிச்சேன். இவளுக்கு எங்க புரியுது?" சின்னசாமி அங்கேதான் இருந்தான். தம்பிக்கு முன்னால் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

மறுநாள் காலை இரண்டு முட்டையும் ஓட்டோடு தட்டில் வந்தன.

"உரிக்கல?"

"நீங்கதான் கண்டுபுடிச்சவராச்சே. உரிச்சிக்குங்க. கூலிக்காரன் வீட்டுக் கை எதுக்கு அதுல படணும்?"

தெருவில் காவடிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் முட்டைச் சங்கதி வாசல் தாண்டும். கஜபதி வாயை மூடிக்கொண்டு முட்டையைத் தட்டின் விளிம்பில் இடித்தார். ஐந்து நாள் முட்டை, ஒரு இழுப்பில் வந்திருக்கும். அவரோ கட்டைவிரலை உள்ளே விட்டுத் தோண்டினார். வெள்ளை பிளந்து, மஞ்சள்கரு மடியில் உதிர்ந்தது. மிச்சத்தை வாயில் போட்டபோது ஓடு நறநறவென்றது.

"இன்னாண்ணா, இதுகூட வரலியா உனக்கு?" என்று வரலட்சுமி சிரித்துவிட்டாள்.

கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்கா பத்து வருஷம் பயந்து கிடந்தோம் என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் அவர் முட்டை வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் தானே உட்கார்ந்து தோண்டித் தின்றார். அதற்குப் பிறகு அவள் அவருக்கு ஒரு முட்டைகூட உரித்ததில்லை.

சின்னசாமி லீவு முடிந்து கிளம்பிய அன்று, வழிக்கு நாலு முட்டை அவித்து, மழமழவென்று உரித்து, உப்பும் மிளகும் தூவி வாழையிலையில் கட்டினாள். கஜபதி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"அவனுக்கு மட்டும் உரிப்பியா?"

"ஆங்."

"எனக்கு?"

"நேரமாவுது, அவருக்கு வண்டி வந்துடும்," என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.