மூச்சை விட்டுத் தூக்கினது

அப்போ நான் ஆர்பரில் கப்பல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ரங்கூன் அரிசி. வீடு ராயபுரத்தில். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மூட்டையை நடுவழியில் போட்டுவிட்டேன். தையல் விட்டு அரிசி சிதறியது.

"இன்னொரு தபா போட்டே, உன் எடத்துக்கு வேற ஆளு" என்றார் மேஸ்திரி. வெளியே ஆட்கள் வேலைக்குக் காத்துக்கிடந்தார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தச் சமயம் பழுது பார்க்க ஒரு கப்பல் வந்து நின்றது. அதில் ஒரு சீனாக்காரன், தச்சு வேலை. என் வயசுதான் இருக்கும். ரங்கூனில் நம்ம ஆட்களோடு இருந்தவன், இந்துஸ்தானியும் தமிழும் கலந்து பேசுவான். விடிந்ததும் கோடவுன் சுவரோரம் வந்து நிற்பான். முழங்கால் கொஞ்சம் மடக்கி, பீப்பாயைக் கட்டிக்கொண்ட மாதிரி கை. அவ்வளவுதான். அசைய மாட்டான்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் குஸ்தி போடுகிறவன். "இன்னா நைனா, பொம்மையாட்டம் நிக்கிறே? தள்ளிப் பாக்கவா?"

சீனாக்காரன் சிரித்தான். "தள்ளு."

குஸ்திக்காரன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினான். சீனாக்காரன் இடுப்பை லேசாகத் திருப்பினான். இவன் நேராகப் போய்ச் சுவரில் மோதினான்.

"சொவுரு தோத்துச்சா மாமு?" என்று ஒருத்தன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. சீனாக்காரன் என்னைவிட மெலிந்த ஆள். பலம் எங்கேயிருந்து வருது என்று கேட்டேன். தொப்புளுக்குக் கீழே தட்டிக் காட்டினான். உள்ளே ஒரு சக்தி இருக்கு, மூச்சோடு வரும், மூச்சோடு போகும், அவன் ஊரில் சண்டை படிக்கிறவன் முதலில் இதைத்தான் படிப்பான் என்றான். அதுக்கு ஒரு பேரும் சொன்னான். என் வாயில் நுழையவில்லை.

மறுநாளிலிருந்து நானும் பக்கத்தில் நின்றேன். தொடை நடுங்கியது. எங்கள் வேலையில் மூட்டை முதுகில் ஏறும்போது தம் கட்ட வேண்டும். பாரத்தோடு நடக்கையில் எவனாவது புஸ் என்று மூச்சை விட்டால் கேலிதான். சக்தி என்றதும் நானும் அப்படியே வயிற்றில் தம் கட்டி இறுக்கினேன். கண் இருட்டியது. இடுப்பில் சுளீர் என்றது. உட்கார்ந்துவிட்டேன்.

"மூடாதே" என்றான் சீனாக்காரன். "கதவு மூடினா எப்படி வரும்? வுடு."

விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. பழகிய உடம்பு கேட்கவில்லை.

ஒரு நாள் மேஸ்திரி, கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகை ஓரமாக நின்று என்னையே பார்த்தார். மூட்டை ஏறியது. எல்லாரும் தம் கட்டுகிற இடத்தில் நான் மூச்சை விட்டேன். பாரம் இடுப்பில் நிற்காமல் காலுக்கு இறங்கியது. நடந்தேன்.

"இன்னாடா, மாடு மாதிரி மூச்சு வுட்டுகினு வர்றே?"

"வலிக்குது மேஸ்திரி."

"போடலையே. நட."

நடந்தேன். அன்றைக்குப் போடவில்லை. அப்புறமும் போடவில்லை.

கப்பல் போய்விட்டது. சீனாக்காரனும் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை. நான் அப்போது மூட்டைக்கடியில் இருந்தேன்.

இடுப்பு சரியாகவில்லை. வேலை போகவில்லை. காலையில் வீட்டுக்குப் பின்னால் அவன் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தச் சக்தி எனக்குள் இருக்கிறதா, தெரியாது. அசதி இருந்தது, அது தெரியும்.

"சும்மா நிக்கிற நேரத்துக்குத் தண்ணி புடிச்சிகினு வாயேன்யா" என்பாள் வீட்டுக்காரி.

போவேன். குடத்தைத் தூக்கும்போதும் மூச்சை விட்டுத்தான் தூக்குவேன்.