எருமை முதலில், நான் பிறகு

எங்கள் தீயணைப்பு வண்டியில் ஏழு பேர் உட்கார இடமுண்டு. அந்த ஆடிப்பெருக்கு அன்று ஏறியது டிரைவரும் நானும்தான். மிச்சமிருந்தவர்களைக் காவிரிக்கரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். போன் எடுக்கக்கூட ஆளில்லாமல் ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு, தோட்டத்துக் கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்கப் போனோம்.

வேறு ஆள் இருந்தால்தானே யார் இறங்குவது என்று கேட்பதற்கு? சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பனியனோடு கயிற்றைப் பிடித்து இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில் நின்று எருமையின் வயிற்றில் அதே கயிற்றைக் கட்டினேன். டிரைவரும் தோட்டத்து ஆட்களும் மேலே இழுத்தார்கள். கரையேறிய எருமை, கட்டிய கயிற்றோடு பக்கத்து மஞ்சள் காட்டுக்குள் பாய்ந்தது. எல்லோரும் அதைப் பிடிக்க ஓடினார்கள். எங்கள் டிரைவர்தான் முதலில் ஓடினார். அது படியில்லாத கிணறு. கத்திக் கத்தித் தொண்டை வற்றியது.

களை வெட்ட வந்த ஓர் அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"அட, உழுந்துட்டீங்களா? பயப்படாதீங்க சாமி. பயர் ஸ்டேசன் நம்பர் எங்கிட்ட இருக்குது. போன மாசம் பாம்பு புடிக்கக் கூப்புட்டது."

நான் வேண்டாம் என்பதற்குள் போட்டுவிட்டார். வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார்.

"மணி அடிக்குது, ஒருத்தனும் எடுக்கலீங்க. சம்பளத்த வாங்கிக்கிட்டு நல்லாத் தூங்கறானுக பாருங்க!"

"ஆமாங்கக்கா," என்றேன் கிணற்றுக்குள்ளிருந்து. "அவனுகளுக்குப் பொறுப்பே இல்லீங்க."