சிரட்டையில் வந்த செவ்வாய்க் கிரகம்

அந்த மனிதனுக்குப் பத்து நிமிடத்துக்கு மட்டுமே மூச்சுக்காற்று மிச்சமிருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் கப்பல் உடைந்து, தன்னந்தனியாக ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தான். அதற்குமேல் தெரியவில்லை. கடைக்காரர் தொடர்கதை வந்த பழைய பேப்பரை அந்த இடத்தில் கிழித்துச் சீரகம் சுற்றியிருந்தார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பரந்தனுக்குத் தெற்கே குளத்துத் தண்ணீரில் வயல் செய்துகொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருந்தது. காணிக்குக் காணி வெகுதூரம். பகலெல்லாம் நெல்லில் விழும் குருவிகளோடுதான் எனக்குக் கதை. அதனால் பாறையில் கிடந்தவனை எனக்கு நன்றாக விளங்கியது.

மற்றப் பாதித் தாள், அதே வாய்க்காலில் எங்களுக்கு மேலே வயல் செய்த மேல்காணிக்காரரின் மல்லியைச் சுற்றிப் போயிருந்தது. எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலையோடு இருக்கும் அவருக்கும் எங்கள் ஐயாவுக்கும் வாய்க்கால் தண்ணீரால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் அவருடைய மகன் கடை வாசலிலேயே நின்று பேப்பர்ச் சரையைச் சுழற்றிச் சுழற்றி வாசித்துக்கொண்டிருந்தான். மல்லி காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் செத்துப்போனானோ?" என்று கேட்டேன்.

"இல்லையடா, இன்னொரு கப்பல் வருகுதாம். ஆரின்ர கப்பல் எண்டு தெரியேல்லை. உன்ர பாதியைக் காட்டு."

அன்றிலிருந்து எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கிழமைக்குக் கிழமை கதைத் தாளின் ஒரு பாதி எங்கள் சரையிலும் மறுபாதி அவர்கள் சரையிலும் வந்தது. கடைக்குப் போகிற வழியில் என் பாதியை மண்கட்டியில் சுற்றி அவர்கள் வேலிக்குள் எறிவேன். அவன் பாதி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஏறி வாய்க்காலில் மிதந்து வரும்.

சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்ததும் மேல்காணிக்காரர் வாய்க்காலை மண்போட்டு அடைத்தார். சிரட்டை வர வழியில்லை. தகப்பன் மத்தியானம் கண்ணயர்ந்ததும் மகன் மண்ணை வெட்டிவிட்டான். கதை நினைவில் அடைக்க மறந்துபோனான். செவ்வாய்க் கிரகத்தோடு தண்ணீரும் எங்கள் வயலுக்கு வந்தது.

ஐயா வியந்துபோனார். "உவருக்கும் ஒரு மனச்சாட்சி இருக்குது, பாத்தியே?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் பின்னால் ஓடினேன். பிடிபட்டால் கதையும் போச்சு, முதுகுத் தோலும் போச்சு.

"தண்ணி விட்டது பெரிய உபகாரம்," என்றார் ஐயா.

மேல்காணிக்காரர் குலையைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மகனின் சேறு பிடித்த கால்களைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"ஓம், ஓம். பயிர் வாடினா ஆருக்கு நல்லது? இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

பெரியவர்கள் எவ்வளவு மடையர்கள் என்று நாங்கள் இருவரும் பிறகு வயிறு நோகச் சிரித்தோம்.

கடைசிப் பகுதி அடுத்த கிழமை வந்தது. தாள் நனையாமல் சிரட்டையை வாழையிலையால் மூடி, நாரால் கட்டியிருந்தது. அந்த மனிதன் உயிரோடு வீடு திரும்பிவிட்டான். தாளின் ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பும் வெற்றிலைச் சிவப்புமாக ஒரு பெரிய விரல் அடையாளம்.

இந்த வயதில் வெற்றிலை போடுகிறாயே என்று கூட்டாளியைத் திட்டினேன். அன்று முழுக்கத் தான் காய்ச்சலில் கிடந்ததாகவும், சிரட்டையைத் தான் அனுப்பவே இல்லை என்றும் அவன் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. பொய்க்காரன் என்று மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.